மரித்தோரின் பெயர் சுமக்கும் இடங்கள்



புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், காந்தி சிலையிலிருந்து சில நிமிட நடைத் தொலைவில், வெண்ணிறத் தூண்களுக்கிடையே தலை தாழ்த்தி நிற்கும் ஒரு போர்வீரனின் சிலை உண்டு. சுற்றுலா வருவோர் அவ்விடத்தைப் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம் என்பர். அதன் பிரெஞ்சுப் பெயர் ‘மோனுமான் ஓ மோர்’. நேராகத் தமிழாக்கினால் ‘இறந்தோர்க்கான நினைவுச் சின்னம்’ என்று வரும். முதல் உலகப் போரில் பிரெஞ்சுக் கொடியின் கீழ்ப் போரிட்டு மாண்ட பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக அது எழுப்பப்பட்டது. 1938 ஏப்ரல் 3 அன்று ஆளுநர் குரோச்சிக்கியா அதனைத் திறந்து வைத்தார். இன்றும் ஜூலை 14 அன்றும் நவம்பர் 11 அன்றும் அங்கே மலர்வளையம் வைக்கப்படுகிறது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் பிரெஞ்சு மொழி கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ‘மோர்’ என்ற சொல் பாடத்தில் வரும் நாளில் வகுப்பில் சிரிப்பு எழாமல் போனதில்லை. “சார், மோருக்கா நினைவுச் சின்னம் கட்டினார்கள்?” என்று எவனாவது ஒருவன் கேட்டே தீருவான். நானும் சிரித்துவிட்டு, பிரெஞ்சில் அச்சொல்லுக்கு ‘இறந்தவர்’ என்று பொருள் சொல்வேன். உடனே வகுப்பு அமைதியாகிவிடும். கடலைச் சுண்டலும் கையுமாக அவர்கள் விளையாடித் திரிந்த இடத்தின் பெயருக்குள் மரணம் இருந்தது என்பது அவர்களுக்கு அப்போதுதான் தெரியும்.

சற்று நினைத்துப் பார்த்தால், எங்கள் நகரமே மரித்தோர் பெயர்களால் குறுக்கும் நெடுக்கும் கோடு போடப்பட்ட நகரம். துய்மா வீதி, சுய்ப்ரேன் வீதி, லபூர்தொனே வீதி என்று கடலோரத்துத் தெருக்கள் ஆளுநர்களின் பெயரையும் கடற்படைத் தலைவர்களின் பெயரையும் சுமக்கின்றன. 1785இல் இந்நகரிலேயே உயிர்நீத்த புஸ்ஸியின் பெயர் கொண்ட வீதி, விடுதலைக்குப் பின் லால் பகதூர் சாஸ்திரி வீதி ஆயிற்று. ஆயினும் ஆட்டோ ஓட்டுநரிடம் ‘புஸ்ஸி வீதி’ என்றால்தான் வண்டி சட்டென்று புறப்படுகிறது. துய்ப்ளேக்சின் பெயர் கொண்ட தெரு நேரு வீதியாக மாறியது. கடற்கரைச் சாலைக்கோ, இந்நகரின் முதலமைச்சராக இருந்த எதுவார் குபேரின் பெயர் வந்தது. ஒரு மரித்தவர் பெயரை எடுத்துவிட்டு இன்னொரு மரித்தவர் பெயரை வைப்பதையே நாம் பெயர் மாற்றம் என்கிறோம்.

இப்பெயர்கள் அனைத்தும் நமக்கு அந்நியமானவை என்றும் சொல்லிவிட முடியாது. 1740ஆம் ஆண்டு ஆற்காட்டு நவாபு தோஸ்த் அலி மராட்டியருடன் நடந்த போரில் கொல்லப்பட்டார். அவருடைய குடும்பத்தாரும், மருமகன் சந்தா சாகிபின் குடும்பத்தாரும் அடைக்கலம் தேடிப் புதுச்சேரிக்கு வந்தனர். அப்போது ஆளுநராக இருந்தவர் துய்மா. கோட்டைக் கதவைத் திறந்து அவர்களை உள்ளே ஏற்றுக்கொண்டார். மராட்டியத் தளபதி மிரட்டியபோதும் அவர்களை ஒப்படைக்க மறுத்தார். அதில் அரசியல் கணக்கும் இருந்திருக்கும். எனினும், கணவனை இழந்து வந்த முஸ்லிம் பெண்களுக்கு இவ்வூர் ஒரு நாள் நிழல் கொடுத்தது என்பது வரலாறு. துய்மா வீதியில் நடக்கும்போது அந்த அடைக்கலத்தை நான் நினைத்துக்கொள்வதுண்டு.

நாங்கள் குடியிருக்கும் பகுதியின் பெயர்களோ வேறு விதமானவை. காஜியார் வீதி, முல்லா வீதி என்னும் இப்பெயர்கள் முதலில் நினைவூட்டுவது பணிகளை: நீதி சொல்லுதல், ஓதிக் கொடுத்தல். எந்தக் காஜியார், எந்த முல்லா என்று தெருவில் விளையாடும் பிள்ளைகளைக் கேட்டால் விடை வராது. ஆள் மறைந்து, அவர் செய்த ஊழியம் மட்டும் தெருவின் பெயராய் நிற்கிறது.

இவற்றையெல்லாம் நான் வரிசைப்படுத்தி யோசிக்கத் தொடங்கியது ஒரு சிறுமியால். என் தம்பியின் குடும்பம் பிரான்சில் வாழ்கிறது. எங்கள் வீடுகளில் தந்தையை ‘வாப்பா’ என்றும் பாட்டனாரை ‘அப்பா’ என்றும் அழைப்பது வழக்கம். ஆகவே தம்பியின் பேத்திக்கு நான் ‘பெரியப்பா’. அவள் பள்ளியில் இரண்டாம் அந்நிய மொழியாக ஸ்பானிஷ் எடுத்திருக்கிறாள். சென்ற ஆண்டு ஒரு மாலை தொலைபேசியில் அழைத்து, “பெரியப்பா, இறந்துபோனவர்களைப் பற்றிய பெயருள்ள ஊர்களை வரைபடத்தில் தேடிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பெயர் எனக்கு ரொம்பச் சங்கடமாக இருக்கிறது” என்றாள்.

அவளைச் சங்கடப்படுத்திய பெயர் ‘மத்தமோரோஸ்’. மெக்சிகோவின் வட எல்லையில், அமெரிக்காவின் பிரௌன்ஸ்வில் நகருக்கு எதிர்க்கரையில் இருக்கும் பெரிய நகரம் அது. மெக்சிகோவின் விடுதலைப் போரில் ஈடுபட்டு 1814இல் சுட்டுக் கொல்லப்பட்ட மரியானோ மத்தமோரோஸ் என்ற பாதிரியாரின் நினைவாக 1826இல் அந்நகருக்கு அப்பெயர் சூட்டப்பட்டது. ஒரு விடுதலை வீரருக்கு மரியாதை. அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் அவருடைய குடும்பப் பெயரைப் பிரித்தால் ‘மோரோக்களைக் கொல்பவர்’ என்று பொருள். மோரோ என்றால் முஸ்லிம். ஸ்பெயினில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த போர்களில் சந்தியாகு என்னும் புனிதர் வெள்ளைக் குதிரையில் தோன்றி மோரோக்களை வெட்டி வீழ்த்தியதாக ஒரு பழங்கதை வழங்கிற்று. அக்கதையில் அவருக்கு அமைந்த பட்டமே இது. ஒரு மரித்தவரின் பெயருக்குள், பெயரற்ற ஆயிரம் மரித்தோர் அடங்கியிருக்கிறார்கள்.

“மோரோ என்றால் நாமா?” என்று அவள் கேட்டாள்.

பாக்கு நீரிணையைத் தாண்டினால் இக்கேள்விக்கு விடை கிடைக்கும். 1505இல் இலங்கைக் கரையில் இறங்கிய போர்த்துக்கீசியர், அங்கே கண்ட முஸ்லிம்களைத் தம் நாட்டில் பழகிய அதே சொல்லால் அழைத்தனர். தமிழ் பேசும் சோனகர்கள் இன்றும் ஆங்கில ஆவணங்களில் ‘மூர்’ என்றே பதியப்படுகின்றனர். பிலிப்பைன்ஸின் தெற்கே வாழும் முஸ்லிம்களுக்கும் ஸ்பானியர் இட்ட பெயர் மோரோ. அவர்கள் அதையே தம் அடையாளமாக ஏற்றுக்கொண்டு, தம் நிலத்தைப் ‘பங்சமோரோ’ என்கின்றனர். ஸ்பெயினிலிருந்து கடல் கடந்த ஒரு சொல், ஓரிடத்தில் வெட்டுண்டவனைக் குறிக்கிறது. இன்னோரிடத்தில் பிறப்புச் சான்றிதழில் அமைதியாக அமர்ந்திருக்கிறது.

அவளுடைய பட்டியலில் இன்னும் சில பெயர்கள் இருந்தன. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ‘ஹோர்நாதா தெல் முவெர்த்தோ’ என்றொரு பாலை நிலம். ‘இறந்தவனின் பயணவழி’ என்று பொருள். சுமார் 90 மைல் நீளத்திற்கு நீரற்ற அவ்வழியைக் கடக்க முயன்ற ஒருவனின் மரணத்தால் அப்பெயர் வந்தது என்பர். 1945 ஜூலை 16 அன்று உலகின் முதல் அணுகுண்டு வெடித்துச் சோதிக்கப்பட்டது அந்நிலத்தில்தான். ஒருவனுடைய மரணத்தை எச்சரிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்த நிலம், மூன்று வாரங்களில் ஹிரோஷிமாவில் விழவிருந்த பேரழிவுக்கு ஒத்திகைக் களமாயிற்று.

ஸ்பெயினின் வடபகுதியில் ஒரு சிற்றூரின் பெயர் நெடுங்காலம் ‘யூதர்களைக் கொல்’ என்று பொருள்படும்படி இருந்தது. 2014இல் ஊரார் கூடி வாக்கெடுப்பு நடத்தினர். 2015இல் ஓரிரு எழுத்துகளை மாற்றி, ‘யூதர்களின் மேடு’ என்று பொருள்படும் பழைய பெயருக்குத் திரும்பினர். சிறிய ஊர்தான், ஆயினும் தங்கள் வாயால் நாள்தோறும் எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று ஒரு நாள் நின்று கேட்டுக்கொண்டார்களே, அது பெரிய காரியம்.

சங்கடத்தோடு வந்தவளை அப்படியே அனுப்ப மனமில்லை. எனவே அவளுக்கு வேறு ஒரு பட்டியல் சொன்னேன். ஸ்பெயினின் ‘கலத்தாயூத்’ என்னும் நகரம் ‘கல்அத் அய்யூப்’, அய்யூபின் கோட்டை. ‘மெதினசேலி’ என்பது ‘மதீனத் சாலிம்’, சாலிமின் நகரம். ‘பெனிகாசிம்’ என்பது ‘பனூ காசிம்’, காசிமின் மக்கள். ஜிப்ரால்டர் என்று உலகம் சொல்வது 711இல் அங்கே கரையிறங்கிய தாரிக்கின் மலை. 1492 ஜனவரி 2 அன்று கிரனாடாவின் கடைசி மன்னர் அபூ அப்துல்லாஹ் நகரின் திறவுகோல்களை ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டார். வழியில் திரும்பிப் பார்த்துப் பெருமூச்சு விட்டதாகச் சொல்லப்படும் கணவாய்க்கு இன்றும் ‘மோரோவின் பெருமூச்சு’ என்றே ஸ்பானிஷில் பெயர். 1609 முதல் அம்மண்ணில் எஞ்சியிருந்த முஸ்லிம் வழித்தோன்றல்களையும் கப்பலேற்றி அனுப்பினார்கள். மக்களை அனுப்ப முடிந்தது. அய்யூபையும் சாலிமையும் காசிமையும் பெயர்களிலிருந்து அனுப்ப முடியவில்லை. முஸ்லிம்களின் அடக்கத்தலத்தைக் குறிக்க ஸ்பானிஷில் ‘அல்மகாப்ரா’ என்றே ஒரு சொல் உண்டு. நம்முடைய ‘மக்பரா’தான் அது.

“அப்படியானால் பெயர் வைப்பது நல்லதா, கெட்டதா?” என்றாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கேள்வி அது. அதற்கு நான் உடனே விடை சொல்லவில்லை. ஏனென்றால் அதே கேள்வி எங்கள் குடும்பத்தில் வேறு வடிவில் ஏற்கெனவே எழுந்திருந்தது.

என் பாட்டனாருக்கு ஓர் அண்ணன் இருந்தார். 1920களில் புதுச்சேரியிலிருந்து சைகோனுக்குக் கப்பலேறியவர். அக்காலத்தில் பிரெஞ்சிந்தோசீனாவின் சுங்கச் சாவடிகளிலும் அலுவலகங்களிலும் கடைத்தெருக்களிலும் புதுச்சேரி, காரைக்கால் மக்கள் ஏராளமாக வேலை பார்த்தனர். சைகோன் நகரின் நடுவே தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் கட்டிய பள்ளிவாசல் இன்றும் இருக்கிறது. எங்கள் பெரியவர் சுங்கத்துறையில் கணக்கெழுதினார். மாதந்தோறும் பணம் அனுப்பினார். அந்தப் பணத்தில்தான் என் பாட்டனாரின் இரு தங்கைகளுக்கு நிகாஹ் நடந்தது. இரண்டாம் உலகப் போர் தொடங்கியபின் கடிதங்கள் நின்றன. 1946இல் அவருடன் பணிபுரிந்த ஒருவர் எழுதிய கடிதம் வந்தது. காய்ச்சலில் காலமானார், ஜனாஸாத் தொழுகை நடந்தது, நல்லடக்கம் செய்தோம் என்ற மூன்று செய்திகளே அதில் இருந்தன. எங்கே அடக்கினார்கள் என்ற விவரம் இல்லை.

எங்கள் வீட்டில் அவருக்குச் ‘சைகோன் அப்பா’ என்று பெயர். இறந்தோரின் பெயரை ஊருக்கு வைப்பது உலக வழக்கம். எங்கள் வீட்டிலோ ஊரின் பெயரை இறந்தவருக்கு வைத்துவிட்டார்கள். அந்த ஊருக்கும் இப்போது வேறு பெயர் வந்துவிட்டது.

தம்பியின் மகன் பிரான்சில் நன்றாகச் சம்பாதிக்கிறான். அல்லாஹ் அவனுக்கு பரக்கத் செய்வானாக. இங்குள்ள ஒரு பள்ளிவாசலின் சுவரில் சைகோன் அப்பாவின் பெயரைப் பளிங்குக் கல்லில் பொறித்து வைக்க வேண்டும், செலவு முழுவதும் தன்னுடையது என்று சொல்லியிருந்தான். அவனுடைய எண்ணம் தூய்மையானது. கடற்கரையில் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் இறந்தோர்க்குத் தூண் நிறுத்தியிருக்கிறார்கள். தெருக்களுக்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். இக்குடும்பத்தை நிமிர்த்திவிட்டுக் கபுறும் தெரியாமல் போன ஒருவருக்கு ஒரு கல்கூட இல்லையே என்பது அவனுடைய தாங்கல்.

என் ராத்தாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. கேட்டதும் அவர் சொன்னார்: “தம்பி, கல்லைப் படிக்கிறவன் உசிரோட இருக்கிறவன். கபுறுல இருக்கிறவருக்கு அது என்னத்துக்கு? அவருக்கு வேண்டியத அனுப்புங்க.”

தொலைபேசியில் இரு தரப்பும் சில வாரங்கள் பேசிக்கொண்டே இருந்தன. குரல் உயரவும் செய்தது. பெயரே வேண்டாம் என்கிறீர்களே, இன்னும் ஒரு தலைமுறை போனால் அப்படி ஒருவர் இருந்ததே தெரியாமல் போகாதா என்று தம்பி மகன் கேட்டான். அதுவும் நியாயமான கேள்விதான். நடுவில் நின்ற நான் நூல்களைப் புரட்டினேன். அறிஞர்கள் விரிவாக உரையாடியிருக்கும் சட்ட நுணுக்கங்களுக்குள் இங்கே நுழையவில்லை. என் மனத்தைத் தெளிவித்த நான்கு செய்திகளை மட்டும் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலாவது, திருக்குர்ஆனின் ‘அத்தகாஸுர்’ அத்தியாயம். அதிகம் சேர்க்கும் போட்டியில் மனிதன் மண்ணறைகளைச் சந்திக்கும்வரை மதிமயங்கிக் கிடக்கிறான் என்று அது எச்சரிக்கிறது. இதற்கு விரிவுரையாளர்கள் சொல்லும் விளக்கங்களுள் ஒன்று என்னைத் திடுக்கிடச் செய்தது. இரு குலத்தார் தங்களில் யாருக்கு ஆட்கள் அதிகம் என்று எண்ணிப் பார்த்தனராம். உயிரோடிருப்போர் எண்ணிக்கை போதாமல், கபுறுகளைச் சுட்டிக்காட்டி, இவரும் எங்களவர், அவரும் எங்களவர் என்று இறந்தோரையும் கணக்கில் சேர்த்துப் பெருமை பேசினராம். உலகத்தின் நினைவுத் தூண்களில் எத்தனை இந்தக் கணக்கில் எழுந்தவை என்று எண்ணிப் பாருங்கள். மத்தமோரோஸ் என்ற பட்டமும் ஒரு வகையில் அக்கணக்குதான். தாம் கொன்றோரை எண்ணிப் பெருமை கொண்ட கணக்கு.

இரண்டாவது, மதீனாவின் அடக்கத்தலம். நபித்தோழர்களும் நபிகளாரின் குடும்பத்தாரும் துயிலும் அவ்விடத்திற்கு உலகிலேயே பெரிய பெயர்களைச் சூட்டியிருக்கலாம். அதன் பெயரோ ‘பகீஉல் கர்கத்’. கர்கத் என்பது அங்கே முளைத்திருந்த ஒரு முட்புதர். அவ்வளவு மேன்மக்களையும் தன்னுள் வைத்திருக்கும் மண், ஒரு புதரின் பெயரோடு எளிமையாய்க் கிடக்கிறது.

மூன்றாவது, அதே பகீஇல் நடந்த ஒரு நிகழ்ச்சி. முஹாஜிர்களில் முதலாவதாக அங்கே அடக்கப்பட்டவர் உஸ்மான் பின் மள்ஊன் (ரலி). அடக்கம் முடிந்ததும் ஒரு கல்லை எடுத்து வருமாறு நபிகள் நாயகம் (ஸல்) ஒருவரிடம் சொன்னார்கள். அவரால் அதைத் தூக்க முடியவில்லை. நபிகளாரே எழுந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, அக்கல்லைச் சுமந்து வந்து தலைமாட்டில் வைத்தார்கள். தம் சகோதரரின் கபுறைத் தாம் அடையாளம் கண்டுகொள்ளவும், தம் குடும்பத்தில் இறப்போரை அதனருகே அடக்கவும் இது உதவும் என்று காரணமும் சொன்னார்கள். அபூதாவூத் நூலில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. கபுறின்மீது கட்டடம் எழுப்புவதைத் தடுத்த அதே கரங்கள்தாம் இக்கல்லைச் சுமந்தன. இறந்தவரை மறந்துவிடுங்கள் என்று மார்க்கம் சொல்லவில்லை. அன்பு கொண்டவன் தேடிவரும்போது வழி தெரியும் அளவுக்கு ஓர் அடையாளம் போதும் என்கிறது.

பள்ளிவாசலைக் கூட்டிப் பெருக்கிவந்த பெண்ணின் செய்தியும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. அவர் ஓர் இரவில் இறந்தார். நபிகளாருக்குத் தொந்தரவு தர வேண்டாம் என்று மக்கள் தாங்களே அடக்கிவிட்டனர். நபி (ஸல்) அவரைக் காணாமல் விசாரித்தார்கள். செய்தி அறிந்ததும், எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டு, கபுறு எங்கே என்று வழி விசாரித்துச் சென்று தொழுதார்கள். கல்லில் பெயர் எழுதப்படாத ஒரு துப்புரவுப் பெண்மணியைத் தேடி அல்லாஹ்வின் தூதர் நடந்து சென்றார்கள். நினைவு என்பதற்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியாது.

நான்காவது, ஸஅத் பின் உபாதா (ரலி) அவர்களின் கிணறு. தம் தாயார் இறந்தபின், அவருக்காக எந்தத் தர்மம் சிறந்தது என்று அவர் நபிகளாரிடம் கேட்டார். தண்ணீர் என்று விடை வந்தது. அவர் ஒரு கிணற்றைத் தோண்டி, இது ஸஅதின் தாயாருக்கு உரியது என்று அறிவித்தார். இங்கேயும் ஓரிடம் மரித்தவரின் பெயரைச் சுமக்கிறது. ஆனால் அப்பெயரைச் சொல்லும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு குவளை நீர் இருக்கிறது.

இந்நான்கையும் ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் குடும்பத்தார் அனைவருக்கும் சொன்னேன். முடிவு எளிதாக வந்துவிடவில்லை. வந்தபோது யாருக்கும் தோல்வி என்று தோன்றாத விதத்தில் வந்தது. பளிங்குக் கல்லுக்கென ஒதுக்கிய தொகையில் எங்கள் மய்யவாடியில் ஒரு ஆழ்துளைக் கிணறும், ஒரு தொட்டியும், நான்கு குழாய்களும் அமைந்தன. குழி வெட்டுவோர் கை கால் கழுவவும், ஜனாஸாவுடன் வருவோர் தாகம் தீர்க்கவும் அது பயன்படுகிறது. அதில் பெயர்ப் பலகை எதுவும் இல்லை. ‘சைகோன் அப்பாவுக்காக’ என்று ராத்தா தம் கையால் முதல் குவளையைப் பிடித்துக் குழி வெட்டும் பெரியவரிடம் கொடுத்தார். அவ்வளவே அதன் திறப்பு விழா.

தம்பி மகனின் கேள்விக்கும் இடம் கொடுத்தோம். எங்கள் வீட்டில் பிறப்பு, நிகாஹ், மவுத்து ஆகியவற்றைக் குறித்துவைக்கும் ஒரு பழைய பேரேடு உண்டு. அதில் சைகோன் அப்பாவின் இயற்பெயரையும், தந்தை பெயரையும், அவர் கடல் கடந்த செய்தியையும், யாருடைய நிகாஹ்களுக்கு அவர் பணம் அனுப்பினார் என்பதையும் முழுமையாக எழுதினோம். 1946இல் வந்த கடிதத்தை உறையோடு அதனுள் வைத்தோம். உஸ்மான் பின் மள்ஊன் (ரலி) அவர்களின் தலைமாட்டுக் கல்லைப் போல, தேடிவரும் பிள்ளைக்கு வழி காட்டும் அளவுக்கு அது போதும் என்று எங்களுக்குப் பட்டது. பேத்தி அப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னாள். தன் பள்ளிக் கட்டுரையின் கடைசியில் அதையும் சேர்த்தாளாம்.

கல்லை நம்புவதில் இன்னோர் இடரும் இருக்கிறது. சைகோனில் பிரெஞ்சுக்காரர்களின் பெரிய கல்லறைத் தோட்டம் ஒன்று இருந்தது. அதிகாரிகளும் தளபதிகளும் உயர்ந்த பளிங்கின் கீழ்ப் புதைக்கப்பட்ட இடம். 1983இல் அது முழுவதும் அகற்றப்பட்டுப் பொதுப் பூங்காவாக மாறியது. அங்கே இப்போது பிள்ளைகள் விளையாடுகின்றனர். வெற்றியாளர் நட்ட கல்லும், வந்தவர் போனதும் பெயர்ந்துவிடுகிறது. அதனால் கல் நடுவதே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. பிரான்சின் வெர்டன் அருகே, துவோமோன் என்னுமிடத்தில், முதல் உலகப் போரில் மாண்ட முஸ்லிம் வீரர்களின் கபுறுகள் கிப்லாவை அனுசரித்து அமைந்திருக்கின்றன. அவர்களுள் பெரும்பாலோர் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்கள். அவர்களுக்கான தனி நினைவிடம் 2006இல்தான் திறக்கப்பட்டது. பாரிசின் பெரிய பள்ளிவாசல் 1926இல் திறக்கப்பட்டதற்கும் அவ்வீரர்களின் உயிர்த் தியாகமே காரணமாகச் சொல்லப்பட்டது. அவ்விரண்டில் எது அவர்களுக்கு மேலானது என்று கேட்டால், ஐவேளை தொழுகை நடக்கும் இடம்தான் என்று நம் உள்ளம் சொல்லும். ஆனால் கிப்லா நோக்கிய அக்கற்களும் அங்கே தேவைதான். அவற்றைக் கண்டு ஸலாம் சொல்லிக் கடந்துபோகும் ஒரு பேரன் என்றேனும் வரக்கூடும்.

ஆக, பேத்தியின் கேள்விக்கு நான் கண்ட விடை இது. இறந்தோர் பெயரை ஓர் இடத்துக்கு வைப்பது தன்னளவில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. அப்பெயர் நம்மை எங்கே கொண்டு செல்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். கர்வத்திற்குக் கொண்டு சென்றால் அது ஸ்பெயினின் அந்தச் சிற்றூர் மாற்றிக்கொண்டதைப் போல மாற்றத்தக்க பெயர். இறந்தவருக்கான துஆவுக்கும், உயிரோடிருப்பவரின் தாகம் தீர்ப்பதற்கும், நம் சொந்த மரணத்தின் நினைவுக்கும் கொண்டு சென்றால் அது தங்கத்தக்க பெயர். முதலில் கபுறு ஜியாரத்தைத் தடுத்திருந்த நபிகள் நாயகம் (ஸல்) பின்னர் அதனை அனுமதித்ததும், அது மறுமையை நினைவூட்டும் என்பதால்தானே!

அன்பான வாசகர்களே, கடற்கரையோரத் தமிழ் முஸ்லிம் வீடுகளில் ஒரு சைகோன் அப்பாவோ, ரங்கூன் அப்பாவோ, பினாங்கு மாமாவோ இல்லாத வீடு அரிது. சம்பாதிக்கப் போன இடத்திலேயே மண்ணாகி, கபுறு எதுவென்று தெரியாமல் போனவர்கள் அவர்கள். உங்கள் வீட்டு மூத்தவர்கள் இருக்கும்போதே அவர்களின் இயற்பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். இயன்றால் அவர்களுக்காக ஒரு குடம் நீரேனும் யாருக்காவது கொடுங்கள். பயன்தரும் கல்வியும், நிலைத்த தர்மமும், துஆச் செய்யும் நல்ல பிள்ளையும் மட்டுமே மனிதன் மண்ணுக்குள் போனபின்னும் அவனைத் தொடரும் என்பது நாம் அறிந்த செய்தியே. இம்மூன்றில் கடைசி ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. அதற்குப் பணமும் வேண்டாம், கபுறின் முகவரியும் வேண்டாம்.

கரை கடந்து போய் அந்நிய மண்ணில் துயிலும் நம் முன்னோர் அனைவரின் கபுறுகளையும், அவை எங்கிருந்தாலும், அல்லாஹ் ஒளியால் நிரப்புவானாக. நாமும் அவர்களோடு சேரும் நாளில் நமக்காகக் கையேந்தும் பிள்ளைகளை நமக்குத் தருவானாக. ஆமீன்.